யோகனை வடிகட்டப் போன பயணம்

"அண்ணன், கண்ணாடியில விழுந்த ஆளை மட்டும் எடுத்துட்டு உள்ள இருக்கிற போட்டோவை அப்படியே விடுற கண்ணாடி ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு குரூப்ல எழுதியிருந்தீங்க. உண்மையா? உண்மைன்னா வாங்க. பொய்யின்னா இப்பவே சொல்லிருங்க. மார்ச் 6 வியாழக்கிழமை கல்யாணம்."

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசிக்கு வந்த செய்தி இது. அனுப்பியவர் யோகநாதன். இலங்கையில் பொகவந்தலாவை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் முசிறிக்காரன். எங்கள் வட்டாரத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் போயின என்று குறித்து வருகிறேன். யாரும் கேட்டுக்கொண்டதல்ல. அதற்காக நடத்தும் வாட்ஸ்அப் குழுவில்தான் யோகன் பழக்கம். அந்தக் குழுவில் தேதி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. வேறு எதைப் போட்டாலும் பதில் வந்து குவியும்.

ஜனவரிக் கடைசியில் கோயில் குளத்தில் எடுத்த இரண்டு படங்களைப் போட்டிருந்தேன். ஒன்றில் தண்ணீர் முழுக்க வானம். மற்றதில் வானத்தைக் காணோம். அடியில் மூழ்கிக் கிடக்கும் படிக்கட்டு தெரிந்தது. லென்ஸின் முன்னால் போலரைசர் என்ற பில்டரை மாட்டினால் தண்ணீர், கண்ணாடி, இலை ஆகியவற்றின் பளபளப்பு போய்விடும் என்று கீழே விளக்கியிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

அன்று மாலை யோகன் போனில் விவரம் சொன்னார். அவருடைய அண்ணன் பெருமாள், மகளுக்கு இரண்டு வயது ஆகுமுன்பே காய்ச்சலில் இறந்துபோனார். அண்ணி பாக்கியம் இன்றும் கொழுந்து பறிக்கிறார். தம்பதியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்று. அதை பெருமாள் தன் கையாலேயே வீட்டுச் சுவரில் சிமெந்து வைத்துப் பதித்துவிட்டார். கீழே விழுந்து உடையக் கூடாது என்பது அவர் கவலை. மலைக் குளிரின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வரும். பெயர்த்தால் சுவர் வரும்.

மகள் பெரியவளானபோது சடங்கு வீட்டுக்குப் பெரிய படம் வேண்டும் என்று யோகன் அதைக் கைப்பேசியில் எடுத்தார். எதிரே வாசல். வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியில் அவர் உருவமும் விழுந்துவிட்டது. அட்டன் ஸ்டூடியோ ஒன்றில் பெரிதாக்கி, வண்ணம் சேர்த்துத் தரச் சொன்னார்கள். ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்து, படத்தில் மூன்று பேர் என்று முடிவு செய்தது. பெருமாளுக்கு வேட்டி, பாக்கியத்துக்கு அரக்குச் சேலை, நடுவில் நின்ற யோகனுக்கு நீலச் சட்டை. கைப்பேசி பிடித்திருந்த கை ஆசீர்வாதம் செய்வது போல உயர்ந்திருந்தது. சடங்கு அன்று காலையில்தான் படம் வந்து சேர்ந்தது. வேறு வழியில்லாமல் மாட்டினார்கள். அன்றிலிருந்து அது சுவரில்தான் இருக்கிறது.

"இப்ப பிள்ளைக்குக் கல்யாணம். அண்ணன் எடத்துல நான் நின்னு கைபிடிச்சுக் குடுக்கணுமாம்" என்றார் யோகன். "அந்தப் படம் மேல இருக்கிற வரைக்கும் நான் நிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நான் எப்படிண்ணே நிக்கிறது?"

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சொன்னார். ஊர் என்ன பேசும் என்பதை அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை மதியம் அட்டனில் இறங்கினேன். குளிர் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்ததால் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அங்கே வெயில். கடையில் சோறு கேட்டேன். "மரக்கறியா, மீனா?" என்றார் பரிமாறுகிறவர். மரக்கறி என்றால் என்ன கறி என்று விசாரித்தேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்தியாவா?" என்று கேட்டு, பூசணிக்காயையும் பருப்பையும் வைத்துவிட்டுப் போனார். பிறகு பால் இல்லாத சாயம் ஒரு கோப்பை. இதை இங்கே பிளேன்டி என்கிறார்கள். எங்கள் ஊர் டீ பாலில் தேயிலை பட்டும் படாமலும் இருப்பது. இது தேயிலை தன் குணத்தை நேராகச் சொல்லிவிடுவது. இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தேன்.

பொகவந்தலாவை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கோயா தாண்டி, மரங்களுக்கு இடையே நீர்த்தேக்கம் பளபளவென்று தெரிந்தது. கேமராவில் போலரைசரை மாட்டினேன். முன்வளையத்தைத் திருப்பத் திருப்பத் தண்ணீரின் மினுக்கம் கரைந்து, கரையோரத்துச் சேறும், ஒரு சோடா போத்தலும், ஒற்றைச் செருப்பும் தெளிவாகத் தெரிந்தன. அழகான காட்சி ஒன்றைத் துடைத்துவிட்டுச் செருப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "என்னங்க, கேமராவுக்குக் கண் ஒபரேசனா?" என்றார். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவருக்குப் போன வாரம் ஒபரேசனாம்.

நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியபோது கேமரா என் கையை விட்டுப் போய், முன்சீட்டுக் கம்பியில் மோதியது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. போலரைசரின் விளிம்பு நசுங்கிவிட்டது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் கழற்றப் பார்த்தால் கழலவில்லை.

இங்கே இந்தப் பொருளின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். போலரைசரில் இரண்டு வளையங்கள். பின்வளையம் லென்ஸில் திருகி உட்காரும். முன்வளையம் எந்தத் திசையிலும், எவ்வளவு நேரமும், முடிவே இல்லாமல் சுற்றும். சுற்றுவதுதான் அதன் வேலை. இதை அறியாத எவருக்கும், இன்னும் இரண்டு சுற்றில் கையோடு வந்துவிடும் என்றுதான் தோன்றும்.

"குடுங்க இப்பிடி" என்று பெரியவர் வாங்கினார். சுற்றினார். "வருது."

"அது வராதுங்க, சும்மா சுத்தும்."

"வருதுங்கிறேன். பாருங்க, லேசாயிருச்சு."

நோர்வூட்டில் பையோடு ஏறிய ஒரு அம்மாள் அவரிடமிருந்து வாங்கினார். அவரும், "இந்தா வந்துருச்சு" என்றார். கேமரா பின்சீட்டுக்குப் போனது. பின்சீட்டிலிருந்து நடத்துநரிடம் போனது. அவர் டிக்கெட்டுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் நின்றபடியே சுற்றினார். "இன்னும் கொஞ்சம்தான்" என்று சிங்களத்தில் சொன்னாராம், பெரியவர் மொழிபெயர்த்தார். ஓட்டுநர் ஒரு நிறுத்தத்தில் கைநீட்டிக் கேட்டபோது நான் எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன். இறங்கும்போது, முழுக்கச் சுற்றியிருந்தால் வந்திருக்கும் என்று பஸ்ஸே என்மேல் வருத்தப்பட்டது.

யோகன் பஜாரில் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான ஆள். சிவப்புச் சட்டை, சிவப்பு ஆட்டோ. "முந்தி நீல ஆட்டோ வச்சிருந்தேன்" என்றார். "படத்துக்கு அப்புறம் வித்துட்டேன். ஸ்டாண்டுல எனக்கு நீலச் சட்டைன்னே பேரு வச்சிட்டானுங்க." தோட்டத்துப் பாதையில் ஏறும்போது இன்னொன்றையும் சொன்னார். மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். எங்கள் ஊரிலும் நம்புகிறார்கள். இந்த ஒன்று மட்டும் கப்பலேறி மாறாமல் வந்திருக்கிறது. "ஆயுசு போறதப் பத்தி இல்லண்ணே. பெரட்டுக் களத்துல நிக்கிறப்ப ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தர் அண்ணிகிட்ட, ஓன் கொழுந்தன் இன்னும் உசிரோடதான் இருக்கானான்னு கேக்கறாங்க." பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரையும் நிறுத்துவது.

தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பாக்கியம் கேட்டுக்கொண்டார். ஆகவே மேட்டில் ஒரு லயம் என்று மட்டும் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். யோகன் ஆட்டோவைக் கீழேயே நிறுத்திக்கொண்டார். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கும்வரை உள்ளே வருவதில்லை என்று வைத்திருக்கிறார். மேலே எனக்குப் பாக்கியம் பிளேன்டி தந்தபோது, மகள் துஷாந்தினி இன்னொரு கோப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஆட்டோவுக்குப் போனாள். நாளெல்லாம் அப்படித்தான். கோப்பைகள் போய் வந்துகொண்டிருந்தன. வீட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே பேச்சு போனில் நடந்தது. கூப்பிட்டாலே கேட்கும் தூரம்.

"சித்தப்பா வரலைன்னா நான் மணவறையில ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன் மாமா" என்றாள் துஷாந்தினி. யோகனுக்கு நான் அண்ணன் என்றால் இவளுக்குப் பெரியப்பாவாக வேண்டும். அம்மா என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டதால் மாமாவாகிவிட்டேன்.

"படத்தை எடுத்துட்டு வெறும் சுவரை விட்டா அப்பா இல்லாத கல்யாணம். படத்தை வச்சா சித்தப்பா இல்லாத கல்யாணம்" என்றார் பாக்கியம். "மாப்பிள்ளை வீடு கொட்டகலை. அவங்க தாத்தா படத்தைக் கதவளவுக்குப் போட்டு மண்டபத்துக்குக் கொண்டாறாங்களாம். நான் சுவத்த வெட்டியா தூக்கிட்டுப் போறது?"

இரண்டு படங்களையும் பார்த்தேன். பெரிய வண்ணப் படம் உள்சுவரில் துணி போர்த்தித் தொங்கியது. நீலச் சட்டை யோகன் உண்மையில் நன்றாகவே இருந்தார்; மூவரில் அவர் முகத்தில்தான் களை. சுவரில் பதித்தது ஒரு நோட்டுத் தாள் அளவு. கறுப்பு வெள்ளை. பெருமாள் நின்றிருக்க, பாக்கியம் நாற்காலியில். அவர் கை இவர் தோளில் இருந்தது. பெரிய படத்தில் சரியாக அந்தக் கையை மறைத்துக்கொண்டுதான் யோகன் ஆசீர்வதித்தார்.

"நடுவுல நிக்கிற ஆளை அழிச்சுத் தாங்கன்னு ஸ்டூடியோவுல கேட்டோம்" என்றார் பாக்கியம். "அழிச்சாங்க. கம்ப்யூட்டர் அந்த எடத்துல அதுவா ஒரு கை வரைஞ்சு குடுத்துச்சு. வளையல் போட்ட கை."

பக்கத்து வீட்டு சரோஜா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்தக் கண்ணாடிக்கு என்ன பேரு சொன்னீங்க?"

"பில்டர்."

"தேயிலை வடிகட்டுற வடி மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப யோகனை வடிகட்டிட்டு அண்ணனை மட்டும் கோப்பையில ஊத்தப் போறீங்க" என்றார் சரோஜா. கீழே போனில் இருந்த யோகனுக்கும் இது கேட்டது. ஆட்டோ ஹாரன் ஒரு தரம் அடித்தது.

"பில்டர் போட்டா அப்பா வெள்ளையாத் தெரிவாரா மாமா?" என்று துஷாந்தினி கேட்டாள். போனில் முகத்தை வெளுக்க வைக்கும் பில்டர்தான் அவளுக்குத் தெரிந்தது. இது அதுவல்ல என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை ரொட்டியும் கட்டச் சம்பலும். தேங்காய் போட்டுத் தட்டிய கனமான ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல். கண்ணில் நீர் வழிய இரண்டு தின்றுவிட்டு வேலையைத் தொடங்கினேன். கேமராவை முக்காலியில் நிறுத்திப் படத்துக்கு நேராக வைத்தேன். கண்ணாடியில் வாசல், வாசலில் லயத்துச் சனம், அவர்களுக்கு முன்னால் குனிந்து நிற்கும் நான். போலரைசரைச் சுற்றினேன். ஒன்றும் மறையவில்லை. மறுபடி சுற்றினேன். வாசல் போகவில்லை, சனம் போகவில்லை, நான் போகவில்லை.

இதைப் பற்றி நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும் ஒரு வரி இருந்திருக்கும். எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் போலரைசர் தடுக்கும். நேர் எதிரே நின்று பார்த்தால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. குளத்தை நான் கரையில் நின்று சாய்வாக எடுத்தேன். சுவரில் இருக்கும் படத்தை நேராகத்தான் எடுக்க வேண்டும்.

சாய்வாக எடுத்துப் பார்க்கலாம் என்று கேமராவை அடுப்படிப் பக்கம் நகர்த்தினேன். ஒரு கோணத்தில் முன்வளையத்தைத் திருப்பியதும் கண்ணாடியிலிருந்த வாசல் மொத்தமும் அணைந்ததுபோல் போய்விட்டது. உள்ளே இருவரும் பளிச்சென்று தெரிந்தார்கள். தோளில் இருந்த கையின் மோதிரம்கூடத் தெரிந்தது. எடுத்துப் பாக்கியத்திடம் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "அவரு இவ்வளவு ஒல்லி இல்லண்ணே."

பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். அடுப்படிப் பக்கமிருந்து பாக்கியம்தான் அருகில். அவர் மலை போல் உட்கார்ந்திருக்க, பெருமாள் ஓரத்தில் ஊதுவத்தி மாதிரி நின்றார். கேமராவை மறுபக்கம் கொண்டுபோனேன். இப்போது பெருமாள் ஓங்கி வளர்ந்துவிட்டார்.

"இதுல நான் அவரு மக மாதிரி இருக்கேன்."

"எனக்கு முதல் படந்தான் புடிச்சிருக்கு" என்றார் சரோஜா. "வீட்டுல உள்ளது உள்ளபடி இருக்கு."

வளைந்ததைக் கம்ப்யூட்டரில் நேராக்கிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பாக்கியத்தின் முகம் மாறியது. "கம்ப்யூட்டரா? அதுதானே யோகனுக்குச் சட்டை தச்சுக் குடுத்துச்சு. வேணாம்ணே. கையி, தலை எல்லாம் இருக்கிற எடத்துல இருக்கட்டும்."

அடுத்து வாசலை மறைக்கப் பார்த்தேன். கதவைச் சாத்தினால் போதுமே என்று வாசிப்பவர் கேட்கலாம். கதவு இல்லை. கல்யாணத்துக்காகக் கழற்றிப் பச்சைப் பெயின்ட் அடித்து வெளியே சாய்த்திருந்தார்கள். ஈரக்காற்றில் காயாமல் தொட்டவர் கையையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டிருந்தது. வேட்டியை வாசலில் கட்டினேன். வெள்ளை வேட்டி கண்ணாடியில் வாசலைவிட நன்றாக விழுந்தது. கறுப்புத் துணி இருந்தால் முடிந்துவிடும் என்றேன்.

சரோஜா தடுத்தார்: "கல்யாண வீட்டு வாசல்ல கறுப்புத் துணி கட்டுறதா? கீழ இருக்கிறவங்க எழவு வீடுன்னு பாய் தூக்கிட்டு வந்துருவாங்க."

மாலையில் கேமரா மறுபடி கைமாறத் தொடங்கியது. நசுங்கிய விளிம்பைப் பற்றிய செய்தி பஸ்ஸிலிருந்து எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் ஒருவர் பெரிய ஸ்பேனரோடு வந்தார். வேண்டாம் என்று கும்பிட்டேன். அப்படியானால் கையாலேயே பார்க்கிறேன் என்று இஸ்தோப்பில், அதாவது முன்திண்டில், உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். அவர் போகும்போது "காலையில வந்து முடிச்சுடுறேன்" என்றார். இதில் எனக்கு உண்மையிலேயே ஒரு கவலை இருந்தது. போலரைசர் கறுத்த கண்ணாடி. உள்ளே வரும் வெளிச்சத்தில் பாதிக்குமேல் குடித்துவிடும். கழற்ற முடியாதென்றால் அந்த அரையிருட்டு வீட்டில் அதோடுதான் எடுத்தாக வேண்டும்.

இரவுச் சாப்பாட்டை யோகனோடு ஆட்டோவில் சாப்பிட்டேன். சோறு, நெத்தலிக் கருவாடு. "நாளைக்கு முடியலன்னா சொல்லிருங்கண்ணே" என்றார். "வேற யாரையாவது நிக்கச் சொல்லணும். பிள்ளை அழும். அழுதாலும் தாலி ஏறணும்ல." பிறகு, "நான் அவளுக்கு ஒரு கெடுதலும் நெனச்சதில்ல. போன்ல ஒரு போட்டோ எடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். கருவாடு நன்றாக இருக்கிறது என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்கச் சனத்தை விரட்டுவதிலேயே போனது. வாசலில் நிற்காதீர்கள், கண்ணாடியில் விழுகிறீர்கள் என்று கெஞ்சினேன். நகர்ந்தார்கள். அந்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்தைவிடச் சனமே மேல் என்று தோன்றிக் கூப்பிட்டேன். வந்தார்கள், எல்லோருடைய முகமும் பெருமாள் வேட்டியில் தெரிந்தது.

மதியத்துக்குமேல் மலையை மேகம் மூடியது. இந்த மாதத்தில் மழை வராது என்று எல்லோரும் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. தகரக் கூரையில் அந்தச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. கொழுந்து மலையிலிருந்து பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். வீட்டுக்குப் போகவில்லை. வடிகட்டுகிற கதை என்ன ஆயிற்று என்று பார்க்க நேரே இந்த வாசலுக்கு வந்து, குடையோடு நெருக்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் குடைகள். பச்சைக் கதவு மேலும் நனையாதிருக்க அதற்கு ஒரு குடை. எல்லாம் கறுப்புக் குடைகள்.

உள்ளே நின்றிருந்த துஷாந்தினிதான் முதலில் பார்த்தாள். "மாமா" என்றாள். "அப்பா."

திரும்பினேன். கண்ணாடியே இல்லாததுபோல் இருந்தது. வாசல் முழுக்கக் குடையின் கறுப்பு. கண்ணாடியில் விழ எதுவும் இல்லை. சமையல் பக்கக் கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த ஒரு கண்ணாடித் தகடு வழியாக மழை வெளிச்சம் மட்டும் மேலிருந்து படத்தின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நேர் எதிரே, நடுவில் யாரும் இல்லாமல், பெருமாளும் பாக்கியமும்.

"குடையை யாரும் மடக்காதீங்க" என்று கத்தினேன். கூரைச் சத்தத்தில் அவர்களுக்கு எப்படிக் கேட்டதோ, சிலர் மடக்கத் தொடங்கினார்கள். சரோஜா பாய்ந்து போய் அவர்கள் கையைப் பிடித்துத் திரும்ப விரித்தார். "விரிங்கடி. கறுப்புத் துணிதான் ஆகாது, கொடை ஆகும்."

கழலாத போலரைசரால் படம் பதிய நீண்ட நேரம் வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மண்தரையில் யாராவது காலை மாற்றினால்கூடக் கேமரா ஆடிவிடும். குடைகளின் நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒருத்தர்கூட அசையவில்லை. ஒன்று எடுத்து, இரண்டு எடுத்து, மூன்றாவதை எடுக்கும்போது கீழேயிருந்து ஹாரன் அடித்தது. என்ன நடக்கிறது என்று தெரியாத யோகன்.

பாக்கியம் கேமராவின் சின்னத் திரையைக் கையால் மறைத்துப் பார்த்தார். "கை இருக்கு" என்றார். போனை எடுத்து, "தம்பி, நீங்க இல்ல" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "சத்தியமா இல்ல. வந்து பாருங்க" என்றார். மழையில் நனைந்துகொண்டு யோகன் படியேறி வந்தார். வாசல் குடைகள் வழிவிட்டன. திரையைப் பார்த்தார். தன்னைத் தேடுகிறவர் போல ஓரங்களையெல்லாம் பார்த்தார். "ஆமா, இல்ல" என்றார்.

நான் அந்தப் பயணத்தில் செய்த வேலை என்னவென்று பிறகு யோசித்தேன். போலரைசர் படத்துக்கு ஒரு உதவியும் செய்யவில்லை, இருட்டாக்கியதுதான் மிச்சம். லயத்தில் யாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குடையைப் பற்றி நான் எடுத்துச்சொன்னபோது, தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை யோகனும் நானும் அட்டன் போனோம். ஸ்டூடியோக்காரர் அதே ஆள். யோகனைப் பார்த்ததும், "நீலச் சட்டை" என்று எழுந்தார். படத்தைக் கணினியில் பார்த்துவிட்டு, "கலர் போட்டுத் தரவா?" என்றார்.

"நீங்க ஒண்ணும் போடாதீங்க" என்றார் யோகன். "உங்க கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திரும்பவே விடாதீங்க."

பெரிதாக அச்செடுத்தார். கண்ணாடி இல்லாமல் சட்டம் போடுங்கள் என்று நான் கேட்டேன். "மலை மேல கண்ணாடி இல்லாம வச்சா ஒரு மழைக்குள்ள பூசணம் பூத்திரும்" என்றார் ஸ்டூடியோக்காரர். பாக்கியத்தைப் போனில் கேட்டோம். கண்ணாடி வேண்டும் என்றார். கண்ணாடி போட்டாயிற்று. சட்டம் அடிக்கும் நேரத்தில் ஸ்டூடியோக்காரர் என் கேமராவை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "வந்துரும் போலிருக்கே" என்றார்.

வியாழக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் கல்யாணம். கொட்டகலைத் தாத்தா கதவளவு அல்ல, ஜன்னலளவுதான் இருந்தார். எதிர்ச்சுவரில் பெருமாளும் பாக்கியமும். யோகன் வந்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. புது நீலச் சட்டை போட்டிருந்தார். "எத்தனை வருசம் அந்தக் கலரை ஒதுக்கிறது" என்று என்னிடம் சொல்லிவிட்டு மணவறைக்குப் போனார். துஷாந்தினியின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. சரோஜா என் பின்னாலிருந்து, "ஆட்டோ ஸ்டார்ட் ஆயிருச்சு" என்றார். துஷாந்தினி சிரித்துவிட்டாள், அதனால் அழவில்லை. பிறகு மணமக்களும், அட்சதையோடு யோகனும் அப்பா படத்தின் முன்னால் போய் நின்றார்கள். கல்யாணப் போட்டோக்காரர் பளீர் பளீரென்று எடுத்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் எடுத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு, மார்ச் 29, சனிக்கிழமை வந்த செய்தியோடு இதை முடிக்கிறேன்.

"அண்ணன், கல்யாண அல்பம் வந்துருச்சு. பிள்ளை அப்பா படத்தைக் கும்பிடுற போட்டோவுல, கண்ணாடிக்குள்ள, அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவுல ஒரு ஆள் கையத் தூக்கிட்டு நிக்கிறாரு. எல்லாரும் அது நீங்கதான்னு சொல்றாங்க. சரோஜாக்கா பெரட்டுலயே சொல்லிட்டாங்க. நான்தான் அதுன்னு நான் சொல்லிட்டேன். நீங்க தூரத்து ஆளு, பேரு கெட்டுப்போகும். எனக்குப் பழகிப்போச்சு. மறுத்து எதுவும் எழுதிறாதீங்க."

கூடவே அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆல்பத்தின் பளபளப்பில் கைப்பேசி பிடித்த யோகனின் உருவம் மேலேயே விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஆள் யாரென்று பிரிக்க முடியவில்லை. தூக்கிய கையில் இருப்பது கேமராவாகவும் இருக்கலாம், அட்சதையாகவும் இருக்கலாம். போலரைசர் வழியாகப் பார்த்தால் என் கைப்பேசித் திரையே கறுத்துப்போகிறது. அது இன்னும் லென்ஸில்தான் இருக்கிறது. முசிறியிலும் நாலைந்து பேர் சுற்றிப் பார்த்துவிட்டார்கள். மூலப் படத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன், வரவில்லை. ஆகவே நடுவில் நிற்பது நானா யோகனா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி, மறுத்தும் எழுதவில்லை.